கையொப்பம் எமது, பொறுப்பும் எமதே

இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, நிலம் கைக்குத் திரும்பும்வரை அரிசி ஆலை, தையலகம், சிறுகடை என்று ஏதோவொரு தொழிலை நடத்தி வருகின்றன. உழைக்கத் தெரிந்த எமக்கு வரிப் படிவம் புதியது. ஆகவே கணக்காளரிடம் புத்தகங்களையும் பணத்தையும் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் உள்ளது.

வரிக்கென்று கொடுத்த பணத்தை அவர் தமதாக்கிக் கொள்ளலாம். நடவாத செலவை எழுதி வருமானத்தைக் குறைத்துக் காட்டலாம். 2025 ஏப்ரல் முதல் தனிநபர் ஒருவரின் ஆண்டு வருமானத்தில் 18 இலட்சம் ரூபா வரை வரி இல்லை; இதை அறியாதவரிடம் இல்லாத வரிக்கும் பணம் வாங்கலாம். எதுவாயினும் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் முதலில் கேட்பது எம்மையே. நிலுவையும் வட்டியும் தண்டப்பணமும் எமது தலையிலேயே விழும்.

படித்தவரிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவென்று சிலர் தயங்குகின்றனர். நெல் விற்கும்போது தராசைப் பார்க்கிறோம். அதில் யாருக்கும் அவமதிப்பில்லை. கணக்கும் அப்படித்தான்.

வெற்றுப் படிவத்திலோ வெற்றுக் காசோலையிலோ ஒப்பமிடாதிருப்போம். வரிப் பணத்தை நாமே வங்கியில் செலுத்திப் பற்றுச்சீட்டைப் பெறுவோம். மார்ச் 31இல் முடியும் வரி ஆண்டுக்கான விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். அதன் பிரதியைக் கேட்டு வாங்கி, வாசித்தறிந்த பிள்ளையைக் கொண்டாவது வாசிப்பிப்போம். மூலப் பத்திரங்கள் எமது வீட்டிலேயே இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒருமுறை இழந்தவர்கள் நாம். மீண்டும் கட்டியெழுப்பியதை ஒரு வெற்றுக் கையொப்பத்தால் இழக்கலாகாது.