நித்தியகல்யாணிச் சாகுபடியும் புற்றுநோய் மருந்தும்

திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் ஜில்லாக்களின் வானம் பார்த்த புன்செய்களில் நித்தியகல்யாணி பல ஆண்டுகளாகப் பயிராகி வருகின்றது. சுடுகாட்டு மல்லி என்று மக்கள் ஒதுக்கிய இச்செடியை ஆடு மாடுகள் மேய்வதில்லை. மழை குறைந்தாலும் இது எளிதில் பட்டுப்போவதில்லை. ஆகையால் வேலியில்லாத வறண்ட நிலத்திற்கு இது ஏற்றதொரு பயிர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதனைக் குறித்து இரண்டு தவறான எண்ணங்கள் கிராமங்களில் பரவியிருக்கின்றன. இலையைக் காய்ச்சிக் குடித்தால் புற்றுநோய் தீரும் என்பது ஒன்று. விலையுயர்ந்த மருந்து இதிலிருந்து கிடைப்பதால் பயிரிட்டவர்க்குப் பெருஞ்செல்வம் சேரும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் களைவது அவசியமாகும்.

மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியின் இலையை ஜமைக்காத் தீவினர் நீரிழிவுக்குக் கஷாயமாக உபயோகித்து வந்தனர். 1952-ஆம் ஆண்டில் அவ்விலைகள் கானடா தேசத்து ராபர்ட் நோபிள் என்னும் ஆராய்ச்சியாளரிடம் வந்து சேர்ந்தன. சோதனைப் பிராணிகளிடத்தில் எதிர்பார்த்தபடி சர்க்கரை குறையவில்லை. இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களே குறைந்தன. இதன் காரணத்தை ஆராய்ந்த அவரும் சார்லஸ் பீர் என்பவரும் 1958-இல் வின்பிளாஸ்டின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்ததை அறிவித்தனர். இதே செடியிலிருந்து கிடைத்த வின்கிரிஸ்டின் என்னும் மற்றொரு சத்து 1963-இல் அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. குழந்தைகளுக்கு உண்டாகும் ஒருவகை இரத்தப் புற்றுநோயின் சிகிச்சையில் அது இன்றும் முக்கிய மருந்துகளுள் ஒன்றாக விளங்குகின்றது.

இச்சத்துக்கள் வேலை செய்யும் விதம் பின்வருமாறு. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதனுள் ட்யூபுலின் என்னும் புரதத்தாலான நுண்ணிழைகள் அமைந்து, மரபுப் பொருளை இரு பங்காக இழுத்துப் பிரிக்கின்றன. இம்மருந்து அப்புரதத்தைப் பற்றிக்கொண்டு இழைகள் அமையாதபடி தடுக்கின்றது. பிரியவும் மாட்டாமல், பழைய நிலைக்குத் திரும்பவும் மாட்டாமல் நிற்கும் உயிரணு, முடிவில் தன்னைத் தானே அழித்துக்கொள்கின்றது. ஓயாது பிரிந்து பெருகும் புற்றுநோய் அணுக்கள் இவ்விதம் மடிகின்றன. ஆனால் இம்மருந்து நோயணுவை மட்டும் தேடிச் செல்வதன்று. எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால் முதலிய இடங்களில் விரைவாகப் பிரியும் நல்ல அணுக்களையும் அது தாக்கும். அளவு மிஞ்சினால் நரம்புகளையும் கெடுக்கும்.

ஆகவேதான் மருத்துவர்கள் இதனை மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரத்தக் குழாயினுள் ஊசி மூலமாகவே செலுத்துகின்றனர். குழாய்க்கு வெளியே சிறிது கசிந்தாலும் சுற்றியுள்ள சதை புண்ணாகிவிடும். இலையிலோ நூற்றுக்கு மேற்பட்ட காரச்சத்துக்கள் கலந்துள்ளன. அவற்றின் அளவும் செடிக்குச் செடி மாறும். கஷாயம் குடிப்பவருக்கு எந்தச் சத்து எவ்வளவு உட்சென்றது என்பதை அறிய வழியில்லை. இதனை நம்பி ஆஸ்பத்திரிக்குச் செல்வதை ஒத்திப்போடுபவர், குணமாகக்கூடிய நோயை முற்றவிட்டு உயிரை இழக்க நேரிடும். நிலத்திற்கு வந்து இலை கேட்பவர்களுக்கு இரக்கத்தால் பறித்துக் கொடுப்பதைக் குடியானவர்கள் அறவே தவிர்த்தல் வேண்டும்.

இனி வருவாயைக் கவனிப்போம். மானாவாரியில் ஏக்கருக்குச் சுமார் 800 கிலோ உலர்ந்த இலையும் 300 கிலோ உலர்ந்த வேரும் கிடைக்கலாம். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுப்பதற்கு ஏறக்குறைய 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். எனவே ஓர் ஏக்கரின் இலை முழுவதும் சேர்ந்து ஒன்றரைக் கிராமுக்குச் சற்று அதிகமான சத்தையே தரும். அதனைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்யும் தொழிற்சாலையின் செலவே மருந்து விலையில் பெரும்பகுதியாகும். மருந்தின் விலையை வைத்து இலையின் விலையைக் கணக்கிடுவது வீண். வாங்குபவர் யார், என்ன விலை, எப்போது பணம் என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொண்ட பின்னரே விதைப்பது விவேகமாகும்.

தண்ணீர் தேங்கும் நிலத்தில் வேர் அழுகுமாதலால் வடிகாலுள்ள நிலத்தையே தெரிந்துகொள்ள வேண்டும். விதை புதியதாயிருத்தல் நலம். நேரடி விதைப்புக்கு ஏக்கருக்கு ஒரு கிலோ போதும். ஆறாம் மாதத்திலும் ஒன்பதாம் மாதத்திலும் இலை பறித்து, ஓராண்டு முடிவில் செடியை அறுத்து வேரை உழுதெடுக்கலாம். இலையை நிழலில் உலர்த்தி, மண்ணும் பூஞ்சணமும் அணுகாதபடி காத்தல் வேண்டும். வேரிலுள்ள அஜ்மலிசின் என்னும் சத்து இரத்த ஓட்டக் கோளாறுகளுக்கான மருந்துக்குப் பயன்படுவதால், வேரை வீணாக்குதல் கூடாது.

கிராம அதிகாரிகள் இப்பயிரை அடங்கலில் அதன் பெயராலேயே தனித்துப் பதிவு செய்வார்களாயின், எவ்வூரில் எவ்வளவு விளைகின்றது என்பது தெரியவரும். குடியானவர்கள் பலர் ஒன்றுகூடி விலை பேசுவதற்கும் அது துணைசெய்யும். இலை விளைவிப்பது குடியானவரின் கடமை. அதனை மருந்தாக்குவது இரசாயனசாலையின் வேலை. நோயாளிக்கு அளிப்பது மருத்துவரின் பொறுப்பு. இவ்வரம்பு காக்கப்படும் வரையில் நித்தியகல்யாணி புன்செய்க்காரருக்கும் நோயாளிக்கும் ஒருங்கே நன்மை தரும்.