பெரிய கப்பல் என்னும் பிரமை

சென்ற வாரம் தேனியில் வர்த்தகர்கள் கூடிய ஒரு விழாவில் வாழ்த்துரை வழங்க வந்த ஒருவர், ஐயாயிரம் பேர் ஏறிவரும் உல்லாசக் கப்பல்கள் கொச்சியிலும் தூத்துக்குடியிலும் வரிசையாக வந்து நிற்கும் காலம் நெருங்கிவிட்டதென்றும், அவற்றிலிருந்து இறங்கும் வெளிநாட்டு ஜனங்கள் குமுளி இறக்கம் வழியாக நம் கம்பம் பள்ளத்தாக்கில் வந்து நிறைவார்கள் என்றும், கம்பத்துத் திராட்சையும் போடி ஏலக்காயும் அன்று முதல் டாலரில் விலைபோகும் என்றும் அரைமணி நேரம் பிரசங்கம் செய்தார். மண்டபம் அதிரக் கரகோஷம் எழுந்தது. எனக்கு முன்வரிசையில் இருந்த, ஆனைமலையன்பட்டிப் பக்கம் சொற்பமான திராட்சைப் பந்தல் வைத்துப் பிழைக்கும் பெரியவர் ஒருவரும் எழுந்து நின்று கைதட்டினார். மேடையில் பேசுகிறவர் எதை வேண்டுமானாலும் பேசிவிட்டு மாலையோடு காரில் ஏறிப் போய்விடலாம். ஆனால் பந்தலடியில் குனிந்து நின்று கவாத்து வெட்டி, மருந்தடித்து, மழைக்கும் வியாபாரிக்கும் அஞ்சி அஞ்சிக் குலையைக் காப்பாற்றிய ஒரு மனிதர் அந்தப் பேச்சை மெய்யென்று நம்பித் தலையாட்டியதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் ஆறவில்லை.

கப்பல் பெரிதானால் துறைமுகம் விருத்தியாகும், துறைமுகம் விருத்தியானால் அதன் பின்னாலுள்ள நாடெல்லாம் க்ஷேமமடையும் என்னும் இந்த அபிப்பிராயம், மந்திரிகளின் உரையிலிருந்து தேநீர்க்கடை பெஞ்சு வரையில் வேதவாக்கியம்போல் வழங்கி வருகிறது. அதை ஒரு நாளாவது யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தார்களா என்றால், இல்லை. கணக்கு வெகு சுலபமானது. உல்லாசக் கப்பல் ஒரு துறையில் காலையில் கட்டி மாலையில் அவிழ்ப்பது வழக்கம். கொச்சியிலிருந்து கோட்டயம் வழியாகக் குமுளி நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது, மலைச் சாலை, போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். சுங்கச் சோதனை முடிந்து இறங்கி, குமுளிக்கு வந்து, அங்கிருந்து லோயர் கேம்ப்புக்கு இறங்கி, நம் பெரியவரின் பந்தலைக் கண்டு, திராட்சை வாங்கித் தின்று, மறுபடி மலையேறி, மாலையில் கப்பலைப் பிடிக்கக்கூடிய பிரயாணி இன்னும் பிறக்கவில்லை. அவன் போவது மட்டாஞ்சேரிக்கும் கோட்டைக் கொச்சிக்கும்தான். அதுவும் கப்பல் கம்பெனியே அமர்த்திய பஸ்ஸில்.

அப்படியானால் ஆள் வராவிட்டாலும் பண்டமாவது கப்பலுக்குப் போகாதா என்பார்கள். பன்னீர் திராட்சை எத்தகைய பண்டம் என்பதை அவர்கள் அறிய வேண்டும். விடியலில் கத்தரித்த குலை, சாம்பல் பூத்த கருநீல நிறத்தோடு பெட்டியில் அடுக்கும்போது கண்ணைப் பறிக்கும். இரண்டாம் நாள் காம்பு பழுக்கத் தொடங்கும். மூன்றாம் நாள் பெட்டியைத் தூக்கினால் மணிகள் உதிர்ந்து அடியில் கிடக்கும். சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் குழந்தைக்கும் தெரிந்த செய்தி இது. மாதக்கணக்கில் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து, தான் புறப்படும் தாய்த்துறையில் மூட்டைமூட்டையாய், பெட்டிபெட்டியாய் உணவை ஏற்றிக்கொண்டு வரும் மாபெரும் கப்பல், ஒரு பகல் தங்கும் ஊரின் சந்தைக்குக் கூடையெடுத்துக்கொண்டு போவதில்லை.

விஷயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. சிறிய கப்பல் ஊரை நம்பி வரும். அதற்குத் தண்ணீர் வேண்டும், காய்கறி வேண்டும், அதிலுள்ளவர்களுக்குக் கடைத்தெரு வேண்டும், நாடகம் பார்க்க வேண்டும், கால் நீட்ட வேண்டும். பெரிய கப்பலோ ஊரையே தன் வயிற்றுக்குள் வைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பிரயாணம் புறப்பட்ட ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ என்னும் கப்பல் ஏறத்தாழ இரண்டரை லட்சம் டன் அளவுள்ளது. 365 மீட்டர் நீளம். நிரம்ப ஏற்றினால் ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பிரயாணிகளும் அதற்கு மேல் இரண்டாயிரத்துச் சொச்சம் சிப்பந்திகளும் அதில் இருப்பார்கள். நீச்சல் குளங்கள், நாடக அரங்கம், கடைவீதி, பனிச்சறுக்குத் தளம் எல்லாம் உள்ளேயே. உள்ளே செலவிடும் ஒவ்வொரு காசும் கம்பெனிக்கு. வெளியே செலவிடும் காசு அதற்கு நஷ்டம். ஆகவே அந்தக் கம்பெனி பஹாமாவில் தனக்கென்று ஒரு தீவையும், ஹெய்ட்டியில் வேலியிட்ட ஒரு கடற்கரையையும் குத்தகைக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. துறைமுகத்து ஊர் என்ற ஒன்றே தேவையில்லாத நிலைக்கு வந்துகொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட கப்பலுக்கு நம்முடைய துறையில் வேண்டியவை கயிறு கட்ட ஒரு முளையும், அடி தட்டாத ஆழமும்தான். அந்த ஆழத்தைத் தோண்டுகிறவர்கள் நாம்.

தொலைவில் போக வேண்டாம், தூத்துக்குடியைப் பாருங்கள். 2011 ஜூன் மாதத்தில் ‘ஸ்காட்டியா பிரின்ஸ்’ என்ற கப்பல், ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஏறக்கூடியது, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடத் தொடங்கியது. மத்திய மந்திரி கொடியசைத்தார். பத்திரிகைகள் புளகாங்கிதம் எய்தின. தென்பாண்டி நாட்டின் பொற்காலம் திரும்பிவிட்டதென்று எழுதின. நம் பள்ளத்தாக்கிலும் வாழைக்காயும் காய்கறியும் இனி நேரே கொழும்புக்குப் போகும் என்று பேசினார்கள். அதே ஆண்டு நவம்பரில் கப்பல் நின்றது. பிரயாணிகள் போதவில்லை, எரிபொருள் பாக்கி ஏறியது, ஆறு மாதம் நிறையவில்லை. கப்பல் போய்விட்டது, தூத்துக்குடி அங்கேயே இருக்கிறது. பெரிய கப்பலுக்காக ஏங்குகிறவர்கள் அந்த நவம்பரை ஏன் மறந்தார்கள்?

அந்தத் தூத்துக்குடிதான் 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்த ஊர். ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டே கப்பல்கள். அவற்றில் ஏறியவர்கள் நம் வியாபாரிகளும் கூலிகளும். ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து, பிறகு இலவசமாகவே ஏற்றி, கையில் குடையும் கொடுத்து அவரை அழிக்கப் பார்த்தது என்பார்கள். பெரியவன் தன் பெருமையால் துறைக்குச் செய்யும் உபகாரம் அன்றும் இதுவே. சிறியவனை ஒழித்தபின் அந்தக் கட்டணம் இலவசமாக நீடித்ததா? சிறியவர் நூறு பேர் வரும் துறைக்கு ஒருவர் போனாலும் தொண்ணூற்றொன்பது பேர் மிச்சம். பெரியவர் ஒருவரையே நம்பிய துறை, அவர் வேறு துறைக்குத் திரும்பிய மறுநாள் அநாதை. தூத்துக்குடியின் நவம்பர் அதைத்தான் சொல்கிறது.

மேனாடுகளே இதைக் கண்டுகொண்டன. வெனிஸ் நகரத்தில் 2019 ஜூனில் ஒரு மாபெரும் கப்பல் கட்டுமீறிக் கரையில் மோதி, அங்கே நின்ற சுற்றுலாப் படகை இடித்தது. 2021 ஆகஸ்டு முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நகரத்துக் கால்வாய்க்குள் வரக்கூடாதென்று அந்நாட்டு அரசாங்கமே தடுத்தது. அமெரிக்காவின் கீ வெஸ்ட் என்னும் சிறு தீவு நகரத்து ஜனங்கள் 2020இல் வாக்களித்துப் பெரிய கப்பல்களை மறுத்தார்கள். அடுத்த ஆண்டு மாகாணச் சட்டசபை அந்த மறுப்பைச் செல்லாததாக்கியது. ஊர் வேண்டாமென்று சொன்னாலும் கப்பலின் விருப்பமே நிறைவேறுகிறது! அலாஸ்காவின் ஜூனோ நகரமும் நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்களுக்கு மேல் ஒப்புவதில்லை என்று 2024 முதல் வரம்பு கட்டியிருக்கிறது. இவையெல்லாம் கப்பலால் வாழ்ந்த ஊர்கள். பட்டுத் தெரிந்துகொண்டு கதவை ஒருக்களிக்கின்றன. நாமோ கதவைப் பெயர்த்து வைக்கிறோம்.

விசாகப்பட்டினத்தில் 2023 செப்டம்பரில் சுமார் 96 கோடி ரூபாய்ச் செலவில் உல்லாசக் கப்பல் முனையம் ஒன்றைத் திறந்தார்கள். கப்பல் இல்லாத நாட்களே அங்கே மிகுதி. கொச்சியில் 2021 பிப்ரவரியில் ‘சாகரிகா’ என்ற பெயரில் ஒன்று. சென்னையிலிருந்து 2022 ஜூனில் புறப்பட்ட ‘எம்ப்ரஸ்’ என்ற கப்பலைப் பற்றி நாம் எத்தனை பெருமைப்பட்டோம்! அது 1990இல் கட்டியது. ஐம்பதினாயிரம் டன்கூட இல்லாதது. அமெரிக்கக் கம்பெனி ஒன்று தன் கப்பல்களிலெல்லாம் சிறியதாக இருந்த இதை 2020இல் விற்றது. அக்கப்பல் அதே மாதம் புதுச்சேரிக்கு வந்தபோது, உள்ளே சூதாட்டம் உண்டென்ற கண்டனம் எழுந்து, கரைசேர அனுமதி கிடைக்கவில்லை. அது பற்றி எனக்கு வருத்தம் சிறிதும் இல்லை. சீட்டாட்டக் கொட்டகையை நடுக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போனால் அது சுற்றுலாவாகிவிடுமென்றால், தேனி மாவட்டத்தில் சந்தைக்குப் பின்னால் சீட்டுக் கட்டோடு பிடிபடுகிறவனைப் போலீசார் ஏன் அடைக்கிறார்கள்?

பெரிதாக்குவதன் பலனைக் கொச்சிக்கோ வெனிஸுக்கோ போய்த் தேட வேண்டிய துர்ப்பாக்கியம் கம்பம் பள்ளத்தாக்கு ஜனங்களுக்கு இல்லை. நம் வயலுக்குத் தண்ணீர் தரும் பெரியாற்று நீர்த்தேக்கத்தின் மேலேயே, தேக்கடியில், 2009 செப்டம்பர் 30ஆம் தேதி மாலையில் ‘ஜலகன்யகா’ என்ற இரட்டையடுக்குப் படகு கவிழ்ந்து நாற்பத்தைந்து பேர் மாண்டார்கள். அதிகம் பேரை ஏற்றுவதற்காக விட்ட புதுப் படகு அது, ஓடத் தொடங்கி வெகுகாலம் ஆகவில்லை, மேல்தட்டில் இருந்தவர்கள் கரையில் தெரிந்த மிருகங்களைப் பார்க்க ஒருபுறம் சாய்ந்தார்கள், படகும் சாய்ந்தது. அன்றிரவு குமுளிச் சாலையில் ஏறியிறங்கிய ஆம்புலன்ஸ்களின் ஓசையை நம்மவர் மறந்திருக்க முடியாது. தண்ணீர் அதே தண்ணீர், துறை அதே துறை. கலம் மட்டும் புதிது. இந்தியாவின் உல்லாசக் கப்பல் பிரயாணிகளை 2029க்குள் இரு மடங்காக்குவோம் என்ற மத்திய அரசின் திட்டம் மும்பையில் தொடங்கிய நாளும் ஒரு செப்டம்பர் 30தான், 2024ஆம் ஆண்டு. தேதியை வேண்டுமென்று அமைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நாற்பத்தைந்து உயிர்களின் நினைவு நாளாக அத்தேதியைக் கருதும் பழக்கம் இத்தேசத்துக்கு ஏற்படவே இல்லை என்பதுதான் என் துயரம்.

கப்பலுக்குக் கைதட்டும் இதே பள்ளத்தாக்கு, ரயிலுக்கு எத்தனை காலம் காத்திருந்தது! மதுரையிலிருந்து போடிக்கு ஓடிய மீட்டர் கேஜ் வண்டியை அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 முடிவில் நிறுத்தினார்கள்; தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதத்தில்; போடியை அடைந்தது 2023 ஜூனில். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஏலமூட்டையும் மாணவனும் நோயாளியும் பஸ்ஸில் நசுங்கினார்கள். திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாகக் குமுளிக்கு ரயில்பாதை வேண்டும் என்ற கோரிக்கையோ தலைமுறைகளைக் கடந்தும் மனுவாகவே கிடக்கிறது. பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. அந்தக் குறியீட்டைப் பெட்டியில் ஒட்டி வைத்தால் காம்பு வாடாமல் நிற்குமா? விளையும் இடத்திலேயே போதுமான குளிர்பதனக் கிடங்கும், கமிஷன் மண்டியில் நியாயமான எடையும் வேண்டும். இவற்றைக் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். கப்பல் முனையத்துக்குக் கோடிகள் இருக்கின்றன.

நான் கடல்வழிப் போக்குவரத்துக்கு விரோதியல்லன். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் ‘செரியபாணி’ என்ற கப்பல் புறப்பட்டு, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலாக மறுபடி ஓடத் தொடங்கியதே, அது நூற்றைம்பது பேர் ஏறும் சிறு கப்பல். பருவமழைக்கு இடைவிட்டாலும், அதில் உறவினரைக் காணப் போகிறவர்களும், கோயிலுக்குப் போகிறவர்களும், சிறு மூட்டையோடு போகும் வியாபாரிகளும் ஏறுகிறார்கள். இறங்கியவர்கள் நாகையிலும் திருநள்ளாற்றிலும் தங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், துணி எடுக்கிறார்கள். 1914 முதல் 1964 புயல் வரையில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. அவற்றுக்கு நீச்சல் குளம் இல்லை. இரு கரையிலும் அவற்றால் பிழைத்தவர்கள் இருந்தார்கள். ஆயிரம் பேருக்காக வந்த ‘ஸ்காட்டியா பிரின்ஸ்’ ஆறு மாதம் நிற்கவில்லை. நூற்றைம்பது பேருக்காக வந்தது தடுமாறியும் திரும்பி வந்திருக்கிறது.

ஆகவே கம்பத்திலும் சின்னமனூரிலும் போடியிலும் உள்ள வர்த்தகர்களையும் விவசாயிகளையும் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த முறை யாராவது மேடையேறிக் கப்பலின் நீளத்தையும் அதிலுள்ள மாடிகளையும் வர்ணித்தால், கைதட்டுவதற்கு முன்னால் எழுந்து நின்று, அந்தக் கப்பல் நம் தோட்டத்திலிருந்து எத்தனை பெட்டி திராட்சை ஏற்றும், அதற்கு யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.