மருந்து சுட்ட தோலுக்கு யார் பொறுப்பு?

வலிப்புக்கு கார்பமசெபின், யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினால், கிருமித் தொற்றுக்கு சல்ஃபா மாத்திரை. மூன்றும் அன்றாடம் எழுதித்தரப்படும் மருந்துகள். மிக அரிதாகச் சிலருக்கு, இவற்றைச் சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கண் எரிச்சலும் வாய்ப்புண்ணும் வந்து, தீப்பட்டதுபோல் தோல் உரிகிறது. இதுதான் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி. உடல் பரப்பில் 30 சதவீதத்துக்கு மேல் தோல் கழன்றால் ‘டென்’ என்கிறார்கள். அந்தக் கட்டத்தை எட்டியவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் பிழைப்பதில்லை. பிழைத்தவர்கள் சிலருக்குப் பார்வை போய்விடுகிறது.

இந்த நோய் 2013-இல் இரண்டு நாடுகளின் உச்ச நீதிமன்றங்களுக்கு வந்தது. அமெரிக்காவில் தோள்வலிக்கு சுலிண்டாக் என்ற ஜெனரிக் மாத்திரை சாப்பிட்ட பெண் ஒருவர் உடலின் பெரும்பகுதித் தோலை இழந்தார். பார்வையும் ஏறக்குறைய போனது. மருந்தைத் தயாரித்த நிறுவனம் 2.1 கோடி டாலர் வழங்க வேண்டும் என்று ஜூரிகள் சொன்னார்கள். உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் அதை ரத்து செய்தது. ஜெனரிக் மருந்தின் சேர்மானத்தையோ எச்சரிக்கை வாசகத்தையோ நிறுவனம் தானாக மாற்ற மத்தியச் சட்டம் அனுமதிக்காதபோது, மாநிலச் சட்டப்படி அதைத் தண்டிக்க முடியாது என்பது தீர்ப்பு.

நான்கு மாதம் கழித்து நம் உச்ச நீதிமன்றம், 1998-இல் டென் நோயால் இறந்த அனுராதா சாஹாவின் கணவருக்கு ஏறத்தாழ 6 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ஆனால், அங்கே நிரூபணமானது மருந்தின் குற்றமல்ல. ஸ்டீராய்டை அளவு மீறிக் கொடுத்ததும் உரிய பராமரிப்பு தராததுமான சிகிச்சைக் குறைபாடு. அதற்கே 15 ஆண்டுகள் ஆயின.

நம் நோயாளிக்கு இன்று உள்ள முக்கிய வழி நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். மருந்துச் சீட்டு, ரசீது, மாத்திரை அட்டை எல்லாம் கையில் இருக்க வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்குப் போன ஏழைக்கு இந்தக் கதவும் இல்லை. உரிமையியல் நீதிமன்றப் படியேற வேண்டும். மருத்துவரும் தவறவில்லை, நிறுவனமும் எச்சரிக்கையை அச்சிட்டிருக்கிறது என்றால், யாருக்கும் எதுவும் கிடைக்காது.

ஜப்பான் 1980-இலிருந்தும் தைவான் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும், முறையாகச் சாப்பிட்ட மருந்தால் கடும் பாதிப்புக்கு உள்ளானவர்களுக்கு, யார் தவறு என்று கேட்காமல் நிவாரணம் தருகின்றன. பணம் மருந்து நிறுவனங்களின் பங்களிப்பிலிருந்து வருகிறது. நம்மிடம் 2010 முதல் இருக்கும் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் பக்கவிளைவுகளைக் கணக்கெடுக்கிறது, கைகொடுப்பதில்லை.

மருந்துப் பரிசோதனையில் பங்கேற்று, அந்த மருந்தால் பாதிக்கப்படுபவருக்கு இழப்பீடு உண்டு என்று 2019-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. அதே மாத்திரை கடைக்கு வந்தபின் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டவருக்கு மட்டும் ஏன் இல்லை? நிறுவனங்களின் விற்பனையிலிருந்து ஒரு சிறு பங்கை ஒதுக்கி, மத்திய அரசு நிவாரண நிதியை உருவாக்க வேண்டும்.