ஹாம்பர்கின் மீன்சந்தையும் நொச்சிக்குப்பத்தின் மீன்பலகையும்

ஜெர்மனிக்குப் போய்வருகிற நம்மவர்கள் எழுதும் கட்டுரைகளுக்கென்று ஓர் இலக்கணமே உருவாகிவிட்டது. நிமிடம் தவறாத இரயில் (இது பழங்கதை, இரயில்களின் தாமதம் இப்போது அந்நாட்டவரே நொந்துகொள்ளும் செய்தி), வகை பிரித்த குப்பைத்தொட்டிகள், காலிப் புட்டியை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும் 25 சென்ட், ஞாயிற்றுக்கிழமையின் அமைதி. அந்த அமைதியைப் புகழ்ந்த பக்கத்திலேயே ஹாம்பர்க் மீன்சந்தையின் படமும் இருக்கும். எல்பே ஆற்றங்கரையில் 1703 முதல் ஞாயிறு விடியலில் கூடும் சந்தை. தேவாலய வழிபாட்டுக்கு முன்பே மீனை விற்றுவிடலாம் என்று அன்று தந்த அனுமதியின் தொடர்ச்சியாக இன்றும் காலை 9.30 மணிக்கு முடிந்துவிடுகிறது. அதுவரை வியாபாரிகள் தொண்டை கிழியக் கூவி விலாங்கு விற்கிறார்கள். (சந்தை தொடங்கியபோது அந்த அல்டோனா கரை டென்மார்க் அரசரின் ஆட்சியில் இருந்தது. நம் தரங்கம்பாடியும் அப்போது அவர் வசம்தான்.) அந்தக் கூச்சலை நம் கட்டுரையாளர்கள் 'மரபு' என்று வியக்கிறார்கள். மயிலாப்பூருக்குத் திரும்பியதும், நொச்சிக்குப்பத்து லூப் சாலையோரம் பலகை போட்டு வஞ்சிரமும் சங்கராவும் விற்கும் பெண்களைப் பார்த்து 'இடைஞ்சல்' என்கிறார்கள். மரபுக்கும் இடைஞ்சலுக்கும் நடுவே ஒளிந்திருக்கும் பொய் நம்மை உறுத்துகிறது.

2023 ஏப்ரலில் லூப் சாலை மீன்கடைகளைப் பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் சாலையை மறித்துப் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் அதே சாலையில் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. கூரை, தண்ணீர், கழிவுநீர் வசதி எல்லாம் நல்லவைதான். அவற்றை நாம் குறை கூறவில்லை. அந்த நாள்களில் நாளிதழ்களிலும் நம் இலக்கிய நண்பர்களின் உரையாடல்களிலும் எவ்விதத் தயக்கமும் இன்றிப் புழங்கிய 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லோடுதான் நமக்கு வழக்கு. யார் எதை ஆக்கிரமித்தார்கள்? சாந்தோம் நெடுஞ்சாலையின் நெரிசலைக் குறைப்பதற்காகக் குப்பத்தின் முற்றத்து வழியே வாகனங்களைத் திருப்பிவிட்டது நாம். நெய்தல் நிலத்து ஊர்களைப் பட்டினம், பாக்கம் என்று அகப்பொருள் இலக்கணம் வகுக்கிறது. அந்த இரண்டையும் ஒருசேரச் சுமக்கும் பட்டினப்பாக்கம் நொச்சிக்குப்பத்துக்குக் கூப்பிடு தூரம். ஊர்ப்பெயரே சாட்சி சொல்லும் கரையில், கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே சாலை போட்டுவிட்டு வீட்டுக்காரரை ஆக்கிரமிப்பாளர் என்கிறோம்.

ஜெர்மனியிலிருந்து எதையாவது கொண்டுவருவதாக இருந்தால் அவர்கள் வீட்டைப் பற்றி யோசிக்கும் முறையைக் கொண்டுவந்திருக்கலாம். பணக்கார நாடு, ஆனால் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். வீடு வாங்குவது அங்கே சடங்கு போல நடக்கும் காரியம். நோட்டார் எனப்படும் சட்ட அலுவலர் முன்னிலையில் பத்திரத்தை முழுவதும் உரக்க வாசித்துக் காட்டியாக வேண்டும். வாங்குபவருக்கு ஜெர்மன் தெரியாவிட்டால் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். சொத்து மாற்றத்துக்கான வரி மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் 3.5 முதல் 6.5 விழுக்காடு வரை. எனவே பலர் வாங்குவதில்லை. வாங்காதவர் நாதியற்றவரும் இல்லை. முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது (பத்து மாத அட்வான்சுக்குப் பழகிய சென்னைவாசிகள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்). வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வதற்குச் சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும். எட்டு ஆண்டுகள் குடியிருந்தவருக்கு ஒன்பது மாத அவகாசம் தர வேண்டும். வீடு கைமாறினாலும் வாடகை ஒப்பந்தம் முறியாது. புதிய உரிமையாளர் குடியிருப்பவரோடு சேர்த்தே வீட்டை வாங்குகிறார். இவற்றுக்கெல்லாம் மகுடமாக 1993இல் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒன்று சொன்னது: வாடகைதாரர் தாம் வாழும் வீட்டின்மீது கொண்டுள்ள உரிமையும் அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு காக்கும் உடைமையே. வீட்டுக்காரர்கள் கொதித்தார்கள். தீர்ப்பு நின்றது.

இதன் வேர் சொற்களில் இருக்கிறது என்பது தமிழ் படித்த நம் துணிபு. ஜெர்மன் மொழியில் உடைமைக்கு இரண்டு சொற்கள். ஐகன்டூம் என்பது 'தனக்கு உரியது' என்ற வேரிலிருந்து வருவது; பத்திரத்தில் பெயர் உள்ளவருக்கு உரியது. பெஸிட்ஸ் என்பது 'உட்கார்' என்ற வினையிலிருந்து வருவது; ஓரிடத்தில் அமர்ந்து அதைக் கையாள்பவருக்கு உரியது. அந்நாட்டுச் சட்டம் இரண்டையும் தனித்தனியே காக்கிறது. நம்மிடம் இது இல்லையா? 'குடியிருப்பு' என்ற சொல்லைச் சற்று நின்று பாருங்கள். இருத்தல் என்றால் வாழ்தல் மட்டும் அன்று, அமர்தலும்தான். மலையாளத்தில் இன்றும் இருக்கச் சொன்னால் உட்காரச் சொல்கிறார்கள் என்று பொருள். ஒரு குடி அமர்ந்த இடம் குடியிருப்பு.

இது அகராதி விளையாட்டு என்று ஒதுக்குபவர்களுக்கு 1971ஐ நினைவூட்டுகிறோம். அந்த ஆண்டில் தமிழகச் சட்டமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, பிறர் நிலத்தில் வீடு கட்டி வாழ்ந்த உழவருக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் அந்த மனையையே சொந்தமாக்கியது. அந்தச் சட்டத்தின் ஆங்கில வடிவத்திலும் 'குடியிருப்பு' என்பதை மொழிபெயர்க்காமல் தமிழ்ச் சொல்லாகவே வைத்தார்கள். மற்றொன்று நகரத்து ஏழைகளுக்கானது. அது அவர்கள் வாழுமிடத்தை மனிதர் வாழத் தகாத இடம் என்று வரையறுத்து மேம்படுத்தவும் அகற்றவும் வழி செய்தது. கிராமத்தில் அமர்ந்தவருக்குக் குடியிருப்பு, நகரத்தில் அமர்ந்தவருக்குக் குடிசைப் பகுதி. முதலாமவர் உரிமையாளர் ஆனார். இரண்டாமவர் 'பயனாளி' ஆனார். ஒதுக்கீட்டு ஆணையை வாங்கிக்கொண்டு கிரயப் பத்திரத்துக்குக் காத்திருப்பவர். நொச்சிக்குப்பத்தின் அடுக்குமாடிகள் இந்த இரண்டாம் பெயரின் கீழ் எழுந்தவை. 2021இல் குடிசை மாற்று வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று. பெயர்ப்பலகை மாறியதில் மகிழ்ச்சி. காத்திருப்பு மாறவில்லை.

ஒரு மறுப்பு வரும், நியாயமானதுதான். ஒப்பந்தம் எழுதி வாடகை கட்டுகிற பெர்லின்காரரும் புறம்போக்கில் வாழும் மீனவரும் ஒன்றா? மேலும் ஜெர்மனி என்ன சொர்க்கமா? சொர்க்கம் இல்லை. பெர்லின் நகர அரசு கொண்டுவந்த வாடகை உச்சவரம்பை 2021இல் நீதிமன்றம் செல்லாததாக்கியது. அதே ஆண்டில் பெருநிறுவனங்களின் வீடுகளைப் பொதுவுடைமையாக்கக் கோரிய வாக்கெடுப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆம் என்றும், ஆட்சியாளர்கள் உடனே செயல்படுத்தவில்லை. அயல்நாட்டுப் பெயரோடு விண்ணப்பிப்பவருக்கு வீடு கிடைப்பது அரிது என்பதை அங்கே வாழும் தமிழர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஆயினும் அங்கே சண்டை, குடியிருப்பவரின் உரிமை எவ்வளவு என்பதைப் பற்றியது. உரிமை உண்டா என்ற கேள்வியைக் கடந்துவிட்டார்கள்.

இனி ஒப்பந்தம். கரையில் வாழ்பவரிடம் தாள் இல்லை என்கிறோம். தாள் தர வேண்டியது யார்? 2011இன் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைகளைத் திட்டத்தில் சேர்க்கச் சொன்னது. 2023இல் தமிழகத்துக்கான வரைவுத் திட்டம் கருத்துக்கேட்புக்கு வந்தபோது, தம் ஊர்களும் பொதுப் பயன்பாட்டு இடங்களும் அதில் விடுபட்டிருப்பதாக மீனவர் அமைப்புகள் முறையிட்டன. வரைபடத்தில் ஊரைக் குறிக்காமல் விட்டுவிட்டு, வரைபடத்தில் இல்லையே என்று ஊரை எழுப்புவது எந்த நாட்டு ஒழுங்கு? அழகுபடுத்தல் என்ற பெயரில் மெரினாவிலிருந்து கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த 1985 இறுதியில் அரசு முனைந்தபோது துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் மாண்டார்கள். அழகு என்ற சொல்லை நாம் இவ்வளவு எளிதாக உச்சரிப்பதற்கு முன்பு அந்த ஆண்டையும் உச்சரிக்கலாம்.

நம் கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் கூட்டம் கூட்டமாக ஜெர்மன் கற்கப் போகிறார்கள். செவிலியர், பொறியாளர், மேற்படிப்பு என்று கனவுகள் பல. முதல் நிலையிலேயே வீடு பற்றிய பாடம் வந்துவிடும். வெப்பச் செலவு சேராத குளிர்வாடகை, சேர்ந்த சூட்டுவாடகை என்று சொற்களை மனனம் செய்வார்கள். நாளை அங்கே வாடகைதாரராகப் போய் அந்தச் சட்டத்தின் நிழலில் உட்காரப் போகிறவர்கள் இவர்கள். நொச்சிக்குப்பத்தைப் பற்றி வகுப்பில் பேச்செடுத்தால் இவர்களில் பெரும்பாலோர் 'ஆக்கிரமிப்பு' என்கிறார்கள். அந்தச் சொல்லை அவர்களுக்குக் கற்பித்தது நம் தலைமுறை.

கோரிக்கை பெரிதன்று. நோட்டார் பத்திரத்தை வாசிப்பது போல, கடற்கரைத் திட்டத்தின் வரைபடத்தையும் அதன் விதிகளையும் நொச்சிக்குப்பத்தில், தமிழில், வலை காயும் இடத்திலேயே வைத்து முழுவதும் வாசித்துக் காட்டட்டும். படகு நிறுத்துமிடம், மீன் காயவைக்குமிடம், அடுத்த தலைமுறை வீடு கட்டுமிடம் ஒவ்வொன்றையும் சர்வே எண்ணோடு சொல்லட்டும். விடுபட்டதைக் குப்பத்துக்காரர்கள் எழுந்து சொல்வார்கள். அதையும் எழுதிக்கொண்ட பிறகு கையொப்பம் வாங்கட்டும்.