புகைபோக்கியும் பரிசுக் கிண்ணமும்

கைத்தொழில்கள் வெளியிடும் காபனீரொட்சைட்டைக் குறைப்பதற்கு வழி காணுமாறு பல்கலைக்கழக மாணவரைக் குழுக்களாகப் போட்டிக்கு அழைப்பது இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. அழைப்பவை பெரும்பாலும் பெருநிறுவனங்களும் பெருஞ்செல்வர்தம் அறக்கட்டளைகளுமே. பரிசு உண்டு, மேடை உண்டு, புகைப்படம் உண்டு. பல்கலைக்கழகங்களும் இவ்வழைப்பைப் பெருமையாகவே ஏற்கின்றன. எனினும் இப்போட்டிகளை யார், எதற்காக நடத்துகின்றனர், வென்ற தீர்வு போட்டி முடிந்தபின் எங்கே போகின்றது என்னும் வினாக்கள் கேட்கப்படுவதில்லை. கேட்பவன் முன்னேற்றத்தின் விரோதியாகக் கருதப்படுகின்றான். ஆகவே அவ்வினாக்களைக் கேட்டாக வேண்டியுள்ளது.

பிரபலமான எடுத்துக்காட்டு ஒன்றை முதலில் நோக்கலாம். 2021ஆம் ஆண்டில், இலோன் மஸ்க்கின் அறக்கட்டளை வழங்கிய 100 மில்லியன் டொலர் நிதியைக் கொண்டு எக்ஸ்பிறைஸ் என்னும் அமைப்பு காபன் அகற்றற் போட்டியொன்றை அறிவித்தது. அதில் 5 மில்லியன் டொலர் மாணவர் குழுக்களுக்கென ஒதுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில், கிளாஸ்கோவில் உலகக் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்த வேளையில், 23 மாணவர் குழுக்களுக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. 18 குழுக்கள் தலா 250,000 டொலரும் 5 குழுக்கள் தலா 100,000 டொலரும் பெற்றன. ஆய்வுகூடத்துக்குக் கண்ணாடிக் குழாய் வாங்கவே விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கும் மாணவருக்கு இது சிறு தொகையன்று. அதைப் பெற்றவர்களை எள்ளி நகையாடுவது அற்பத்தனம். அவர்தம் உழைப்பும் நேர்மையும் இங்கு கேள்விக்குரியன அல்ல.

கேள்விக்குரியது அளவு. பிரதான போட்டியில் இறுதிச்சுற்றுக்கு வந்தோர் ஓராண்டில் 1,000 தொன் காபனீரொட்சைட்டை அகற்றிக் காட்டவேண்டும் என்பது விதி. சுவட்டு எரிபொருள்களும் கைத்தொழிலும் சேர்ந்து இன்று ஆண்டொன்றுக்கு வெளியிடுவது ஏறக்குறைய 3,700 கோடித் தொன். வகுத்துப் பார்த்தால், விநாடிக்கு 1,000 தொன்னிலும் அதிகம். அதாவது, ஒரு குழு ஓராண்டு முழுவதும் உழைத்து அகற்றிக் காட்டுவதைப் புகைபோக்கிகள் கண்ணிமைக்கும் பொழுதில் நிரப்பிவிடுகின்றன. சிறிதாய்த் தொடங்கியே எதுவும் பெரிதாகும் என்பர். உண்மைதான், பின்னர் பெருக்கக்கூடிய முறைகளையே அப்போட்டியும் வேண்டிநின்றது. ஆயினும் தொட்டிக்குள் வாளிகொண்டு நீர் இறைப்பவனுக்குப் பரிசு அறிவித்தவர்கள், குழாயைத் திறந்துவைத்திருப்பவனிடம் ஒரு சொல்லும் பேசவில்லை என்பது கண்கூடு.

2025 ஏப்ரலில் அப்போட்டியின் 50 மில்லியன் டொலர் முதற்பரிசு, நெல்வயல்களில் எரிமலைப் பாறைத் தூளைப் பரப்பி வளியிலுள்ள காபனைப் பிணைக்கும் மாட்டி காபன் நிறுவனத்துக்குச் சென்றது. இந்தியாவின் சிறு விவசாயிகளோடு இயங்கும் நிறுவனம் அது, நல்ல முயற்சியே. ஆனால் அதே மாதங்களில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், பரிசுக்கு நிதியளித்த அதே செல்வரின் கணினி மையம் இயற்கைவாயுச் சுழலிகளால் மின் பெற்றுக்கொண்டிருந்தது. அவை உரிய அனுமதிப்பத்திரமின்றி இயங்குகின்றன எனக் குற்றஞ்சாட்டி, அயலிலுள்ள கறுப்பின மக்கள் குரலெழுப்பினர். சத்தீஸ்காரின் உழவன் காற்றைச் சுத்திகரிக்கவேண்டும். மெம்பிஸின் வறியவன் அதைச் சுவாசிக்கவேண்டும். இடையிலிருப்பவர் வள்ளல் எனப் போற்றப்படவேண்டும்!

இன்னொரு போட்டி இதனிலும் பழையது. ஷெல் எண்ணெய்க் கம்பனி, குறைந்த எரிபொருளில் நெடுந்தூரம் ஓடும் வாகனத்தை அமைக்கும் போட்டியைப் பல்கலைக்கழக, பாடசாலை மாணவருக்காக 1985 முதல் நடத்திவருகின்றது. இவ்வகைப் போட்டிகளுக்கென உருவான வாகனங்களின் சாதனை வியப்புக்குரியது. சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் ஐதரசன் கொண்டு இயங்கும் வாகனமொன்றை அமைத்து, ஒரு லீற்றர் பெற்றோலுக்குச் சமமான சக்தியில் 5,385 கிலோமீற்றர் என்னும் சாதனையை 2005இல் நிலைநாட்டினர். நாற்பதாண்டுக்கால மாணவர் மதிநுட்பம் இவ்வாறிருக்க, தெருவில் நிகழ்ந்தது என்ன? 2023இல் உலகில் விற்பனையான கார்களில் ஏறக்குறையப் பாதி, முன்னையவற்றிலும் பருத்த, அதிகம் எரிபொருள் குடிக்கும் வகையினவே. மாணவர் வாகனத்தை மெலிவித்தனர். சந்தை அதைக் கொழுக்கவைத்தது. அறிவு போதாமையால் நேர்ந்ததன்று இது.

கம்பனியின் போக்கும் அவ்வாறே. நெதர்லாந்தின் ஹேக் நீதிமன்றம் 2021இல், 2019ஆம் ஆண்டு நிலையுடன் ஒப்பிட்டு 2030 அளவில் 45 வீதத்தால் வெளியீட்டைக் குறைக்குமாறு ஷெல்லுக்குக் கட்டளையிட்டது. கம்பனி மேன்முறையீடு செய்தது. 2024 நவம்பரில் அவ்வீதக் கட்டளை நீக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 2024 மார்ச்சில், தான் விதித்துக்கொண்ட 2035ஆம் ஆண்டுக்கான இலக்கொன்றையும் அது கைவிட்டிருந்தது. மாணவரை நோக்கி “குறைத்துக் காட்டுங்கள்” என்பதும், நீதிபதியை நோக்கிக் “குறைக்கும்படி பணியாதீர்கள்” என்பதும் ஒரே வாய்.

இங்கு எதிர்வாதம் ஒன்று எழும். பரிசுப் போட்டிகள் விஞ்ஞானத்தை வளர்த்தமைக்கு வரலாற்றுச் சான்று உண்டல்லவா? உண்டு. கடலில் நெட்டாங்கு காணும் முறைக்குப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1714இல் 20,000 பவுண் வரை பரிசு அறிவித்தது. தச்சனின் மகனான ஜோன் ஹரிசனின் கடிகாரம் அதற்கு விடையளித்தது. (அவர் தமது பணத்துக்காக முதுமை வரை போராட நேர்ந்தமை வேறு கதை, பரிசு தருவோர் எக்காலத்தும் கணக்கில் வல்லவர்.) 1829இல் இலிவர்பூல்–மான்செஸ்ரர் இருப்புப்பாதைக் கம்பனி 500 பவுண் பரிசுக்கு நடத்திய றெயின்ஹில் போட்டியில் ஸ்ரீபன்சனின் ‘றொக்கற்’ வென்றது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஊன்றி நோக்கின் ஓர் உண்மை புலப்படும். அங்கே பரிசளித்தவனுக்கே அப்பொருள் தேவைப்பட்டது. கப்பல்கள் பாறையில் மோதிச் சிதறின. இருப்புப்பாதையை இழுத்துச் செல்ல இயந்திரம் வேண்டியிருந்தது. ஆகவே கண்டுபிடித்தவுடன் வாங்கினான்; பயன்படுத்தினான். இன்றைய போட்டியிலோ பரிசளிப்பவன் தீர்வை வாங்குவதாக வாக்களிப்பதில்லை. தன் ஆலையில் அதைப் பொருத்தும் கடப்பாடு அவனுக்கில்லை. பொருத்தினால் அவனுக்குச் செலவு, பொருத்தாவிட்டால் இலாபம் என்ற நிலையில் அவன் எதைத் தெரிவான் என்பதை அறியப் பொருளியல் சிறப்புப் பட்டம் வேண்டியதில்லை.

தீர்வு தெரிந்திருந்தும் பல தசாப்தங்கள் பயன்படாது கிடந்ததற்குப் புகைபோக்கியின் வரலாற்றிலேயே சான்றுண்டு. இலண்டனின் நடுவே, தேம்ஸ் நதிக்கரையில், பாற்றர்சீ மின்நிலையம் அமையவிருந்தபோது மாளிகைகளும் பூங்காக்களும் ஓவியக்கூடங்களும் கந்தகப் புகையாற் கெட்டுப்போகுமென எதிர்ப்பு எழுந்தது. அதன் விளைவாக, 1933இல் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தில் புகையை நீரினாற் கழுவிக் கந்தகவீரொட்சைட்டை அகற்றும் அமைப்பு இணைக்கப்பட்டது. அது குறைபாடற்றதன்று, அழுக்கில் ஒரு பகுதி நதிக்குள் இறங்கியது. ஆயினும் புகையைக் கழுவலாம் என்பது அன்றே தெரிந்துவிட்டது. பின்னர் நடந்தது யாது? பிரித்தானியாவின் ஏனைய பெரும் நிலக்கரி மின்நிலையங்களிற் பெரும்பாலானவை கழுவாமலே புகை கக்கின. ஸ்கந்திநேவியாவின் ஏரிகளில் அமில மழை பொழிந்தது. பிரித்தானியாவின் மிகப் பெரிய நிலக்கரி மின்நிலையமாயிருந்த றக்ஸில் கந்தகம் நீக்கும் பொறி முழுமையாகப் பொருத்தப்பட்டது 1990களிற்றான். ஜேர்மனியிலோ காடுகள் பட்டுப்போவதைக் கண்டு மக்கள் கொதித்தெழ, 1983இல் பெரிய எரிநிலையங்களுக்கான கட்டளைச் சட்டம் பிறந்தது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே மின்நிலையங்கள் பொறிகளைப் பொருத்திக்கொண்டன. ஐம்பதாண்டுகளாக ‘இயலாது’, ‘செலவு தாங்காது’ எனப்பட்டது ஐந்தாண்டுகளில் இயன்றது. இடையில் நிகழ்ந்தது புதிய கண்டுபிடிப்பு அன்று, கட்டாயம்.

இலங்கையிலும் இதற்கு ஒத்த அனுபவம் உண்டு. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்தமை பற்றிய அடிப்படை உரிமை வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அங்கே கம்பனியின் வாசலைத் தட்டியது மனு.

கண்டுபிடிப்பே வேண்டாம் என்பதன்று வாதம். சீமெந்தை எடுத்துக்கொள்வோர் இதை உணர்வர். உலகின் காபனீரொட்சைட்டு வெளியீட்டில் ஏழெட்டு வீதம் சீமெந்துக்குரியது. அதிற் பெரும்பகுதி எரிபொருளிலிருந்து வருவதன்று. சுண்ணக்கல்லைச் சூளையிற் சுடும்போது கல்லிலிருந்தே வாயு பிரிகின்றது. சூரியசக்தியால் சூளையை எரித்தாலும் அவ்வாயு வரும். காங்கேசன்துறைச் சூளைகளின் வெண்தூசியைக் கூரையிலும் மரத்திலும் கண்டு வளர்ந்த தலைமுறைக்கும் தூசியே தெரிந்தது, வாயு தெரியவில்லை. இதற்கு மெய்யான விஞ்ஞானம் தேவை. அத்தகைய விஞ்ஞானம் பிறந்தும் உள்ளது. சூளைச் சாந்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணக்கல்லையும் சேர்த்து, வெளியீட்டை 40 வீதமளவிற் குறைக்கவல்ல சீமெந்தைச் சுவிற்சர்லாந்தின் லொசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கியூபாவின் சாந்தா கிளாராப் பல்கலைக்கழகமும் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் கூடி உருவாக்கின. பணம் பெரும்பாலும் சுவிஸ் அரசின் அபிவிருத்தி முகவரகத்தினுடையது, காலம் பல ஆண்டுகள், முறை கூட்டுழைப்பு. சாந்தா கிளாராவும் லொசானும் ஒன்றையொன்று தோற்கடிக்க முயன்றிருந்தால் அக்கலவை கிடைத்திராது. போட்டிக்குப் பழகிய மாணவன் தன் தோல்வியை மறைக்கின்றான். ஆய்வுக்கோ தோல்வியே பாதி விளைச்சல். இருபத்து மூன்று குழுக்கள் வென்ற கதை ஊருக்குத் தெரியும். வெல்லாத குழுக்கள் கற்ற பாடம் எந்த நூலகத்தில் இருக்கின்றது?

கலைப்பீட மாணவருக்கு இதில் என்ன வேலை எனப் பொறியியற் பீடத்து நண்பர்கள் கேட்பதுண்டு. போட்டிக் குழுவிற் கலைப்பீடத்தானுக்குக் கிடைக்கும் இடம் சுவரொட்டிக்கு வாசகம் எழுதுவதே. மதிப்பீட்டுத் தாளைப் பார்த்தால் காரணம் விளங்கும். புதுமைக்குப் புள்ளி, செலவுச் சிக்கனத்துக்குப் புள்ளி, முதலீட்டாளரைக் கவரும் ஆற்றலுக்குப் புள்ளி. ஆலை யாருக்குச் சொந்தம், எச்சட்டம் அதைக் கட்டுப்படுத்துகின்றது, புகையை யார் சுவாசிக்கின்றனர், ஆலை மாறினால் எத்தொழிலாளி வேலை இழப்பான், அவனுக்கு யார் பொறுப்பு என்பனவற்றுக்குப் புள்ளி இல்லை. வினாத்தாளிலேயே நீக்கப்பட்ட வினாவுக்கு விடையெழுத எவராலும் முடியாது. சுவீடன் 1991 முதல் காபனுக்கு வரி அறவிடுகின்றது. அந்நாட்டில் நிலக்கரியின்றி உருக்கு ஆக்கும் பரிசோதனையில் அரசுக்குச் சொந்தமான சுரங்கக் கம்பனியும் மின் கம்பனியும் பங்காளிகள். 2021இல் அவ்வுருக்கின் முதற்தொகுதி கையளிக்கப்பட்டது. இவற்றுள் வரி, அரசுடைமை ஆகிய இரண்டையும் ஒரு மாணவர் குழு ‘தீர்வு’ எனச் சமர்ப்பித்திருந்தால் முதற்சுற்றிலேயே விலக்கப்பட்டிருக்கும்.

ஆகவே இத்தகைய அழைப்பு இனி வரும்போது, கையொப்பமிடுமுன் பல்கலைக்கழகப் பேரவைகளும் மாணவர் ஒன்றியங்களும் எழுத்திற் கேட்டுப்பெறவேண்டியவை சில உள. அழைக்கும் நிறுவனம் தன் வெளியீட்டுக் கணக்கை ஆலைவாரியாக மாணவர் முன் வைக்கவேண்டும். வென்ற தீர்வைக் குறித்த கால எல்லைக்குள் தன் ஆலையிற் பொருத்தவேண்டும். அன்றேல் பொருத்தாமைக்கான காரணத்தைப் பகிரங்கமாக எழுதவேண்டும். நடுவர் குழுவில் ஆலைத் தொழிலாளரும் அயற்கிராமத்தவரும் இருத்தல்வேண்டும். கண்டுபிடிப்பின் உரிமை பல்கலைக்கழகத்திடமே நிலைக்கவேண்டும். “இவ்வாலையை மூடுக” என்பதும் ஏற்கத்தக்க விடையாக விதியில் இடம்பெறவேண்டும். இவற்றை மறுக்கும் நிறுவனத்துக்கு மாணவரின் மூளை தேவைப்படவில்லை, முகமே தேவைப்பட்டது என்பது அம்மறுப்பிலேயே வெளிப்பட்டுவிடும். அதற்கு விளம்பர முகவர்கள் இருக்கின்றனர், உரிய கட்டணம் செலுத்தி அமர்த்திக்கொள்ளலாம்.