சாரத்திலிருந்து விழுந்தது நம்ம பிள்ளை! ஏலத்துக்குப் போவது நம்ம நிலமா?



உர விலை, நெல் விலை, மேட்டூர் தண்ணி என்று நோட்டீஸ் போடுகிற சங்கம், வெளிநாட்டில் அடிபட்ட பிள்ளைகளுக்கு எதற்கு நோட்டீஸ் போடுகிறது என்று சிலர் கேட்பீர்கள். நேராகவே சொல்லிவிடுகிறோம். நம்ம பக்கத்தில் ஒரு பையன் சிங்கப்பூருக்கு விமானம் ஏறினான் என்றால், அவன் பாஸ்போர்ட்டுக்குப் பின்னால் ஒரு நிலப்பத்திரம் அடமானத்தில் கிடக்கிறது. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12ல் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போச்சு. 2016ல் சம்பாவும் கருகிச்சு. வயலை நம்பிப் பிழைக்க முடியாமல் பிள்ளையை அனுப்பினோம். ஆசைக்கு அனுப்பவில்லை, கடனுக்கு அனுப்பினோம்!

எங்கள் ஒன்றியத்தில் நடந்ததைக் கேளுங்கள். இரண்டு ஏக்கர் விவசாயியின் மகன். ஸ்கில் டெஸ்ட் அடிக்க, ஏஜெண்டுக்குக் கொடுக்க என்று மூணே முக்கால் லட்சம். பாதி நகை, மீதி நூத்துக்கு மூணு வட்டி. போன பதினோராவது மாதம் சாரத்திலிருந்து விழுந்து கால் எலும்பு இரண்டாக முறிந்தது. ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். மூணாவது வாரம் கம்பெனி ஆள் ஒரு பேப்பரை நீட்டி, "கையெழுத்துப் போடு, டிக்கெட் போட்டுத் தர்றோம், ஊரில் போய் நல்லா வைத்தியம் பார்த்துக்க" என்றான். பையனும் போட்டுவிட்டான். இன்றைக்கு அந்தப் பிளேட்டை எடுக்க வழியில்லை, நடை பழக்கிவிட ஆளில்லை. அப்பா வட்டி கட்ட அரை ஏக்கரை விற்றுவிட்டார்.

அந்தக் கையெழுத்தின் விலை என்ன தெரியுமா?

சிங்கப்பூரில் வேலைக்காயத்துக்கு நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. 2019ல் புதுப்பித்து 2020 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. உடல் உழைப்பு செய்கிற தொழிலாளிக்கு முதலாளி இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும். வெளிநாட்டான், உள்ளூர்க்காரன் என்ற பேதம் கிடையாது. தவறு யார் மேல் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, வேலையில் அடிபட்டான் என்றால் போதும். 2025 நவம்பர் 1க்குப் பிறகு நடந்த விபத்துக்கு, விபத்து நாளிலிருந்து ஒரு வருஷம் வரை அல்லது 53,000 வெள்ளி வரை வைத்தியச் செலவு. ஆஸ்பத்திரி விடுப்பில் 60 நாள் வரை முழுச் சம்பளம். அதற்கப்புறம் ஒரு வருஷம் வரை மூன்றில் இரண்டு பங்கு. நிரந்தர ஊனம் என்றால் முழு ஊனத்துக்குக் குறைந்தபட்சமே 1,16,000 வெள்ளி. டாக்டர் பத்து சதவீதம் ஊனம் என்று எழுதினாலே 11,600 வெள்ளிக்குக் குறையாது. நம்ம ரூபாயில் ஏழு லட்சத்துக்கு மேல்! அந்தப் பணத்தில் ஏஜெண்ட் கடனை அடைத்து, நகையை மீட்டு, மீதியில் போரும் போட்டிருக்கலாம். தருமம் இல்லை ஐயா இது, அவன் எலும்புக்கான கூலி.

சட்டம் இருந்தும் ஏன் கிடைக்கவில்லை? பையனுக்கு விவரம் தெரியவில்லை என்பது பாதிதான். நாங்கள் அவனை உட்கார வைத்துக் கேட்டோம். "கேஸ் போடலாம்னு கூட இருந்த அண்ணன் சொன்னாரு. கேஸ் முடியறவரை ஸ்பெஷல் பாஸ்ல இருக்கணும், வேலை செய்ய முடியாது. இங்க வட்டி ஓடுதே!" என்றான். இதுதான் விஷயம். அங்கே இருக்கிற சட்டத்தை இங்கே இருக்கிற கந்துவட்டி கொல்கிறது. கம்பெனிக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும். கடன்பட்டவன் காத்திருக்க மாட்டான் என்று தெரிந்துதான் டிக்கெட்டை நீட்டுகிறான். கேஸ் நடக்கும்போது தங்க இடமும் சோறும் கொடுக்க வேண்டியது முதலாளி பொறுப்பு என்பதைச் சொல்ல அவனுக்கு வாய் வருமா?

எம்.சி. விவகாரம் இன்னொன்று. முன்பெல்லாம் மூணு நாளுக்கு மேல் எம்.சி. கொடுத்தால்தான் அரசுக்குத் தகவல் சொல்ல வேண்டும். கைவிரல் நசுங்கி வந்தவனுக்கும் இரண்டு நாள் எம்.சி., பிறகு "லைட் டியூட்டி" என்று சொல்லிக் கூட்டிப் போவார்கள். 2020 செப்டம்பர் முதல் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஒரு நாள் எம்.சி. கொடுத்தாலும், லைட் டியூட்டி கொடுத்தாலும் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். பிள்ளைக்குப் போன் பேசும்போது இதைச் சொல்லுங்கள். ரசம் வைப்பது எப்படி என்று அரை மணி நேரம் பேசுகிறோமே!

சரி, நம்ம அரசு என்ன செய்கிறது? 1983ல் குடிபெயர்வுச் சட்டம் கொண்டு வந்தார்கள். அதன் விதிப்படி ஏஜெண்ட் 30,000 ரூபாயும் வரியும்தான் வாங்கலாம். நம்ம ஊரில் முப்பதாயிரத்துக்கு யாராவது போயிருக்கிறார்களா? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று 10 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. அது குடிபெயர்வு அனுமதி தேவைப்படுகிற 18 நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு. அந்தப் பட்டியலில் குவைத், சவுதி, மலேசியா எல்லாம் இருக்கின்றன, சிங்கப்பூர் இல்லை. அனுமதி தேவை என்ற முத்திரையும் பத்தாவது பாஸ் பண்ணாதவன் பாஸ்போர்ட்டில்தான் இருக்கும். கஷ்டப்பட்டு ஐ.டி.ஐ. படிக்க வைத்ததற்குக் கிடைத்த பரிசு!

பட்டியலில் இருக்கிற நாட்டிலும் உயிருக்கு உத்தரவாதம் உண்டா? 2024 ஜூன் 12 அன்று குவைத் மங்காஃப்பில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மாண்டார்கள், அதில் ஏழு பேர் தமிழகத்துப் பிள்ளைகள். வேலை செய்யும் இடத்தில் மட்டும் இல்லை, தூங்குகிற இடத்திலும் ஆபத்துதான். 2020ல் சிங்கப்பூர் தங்குவிடுதிகளில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கொரோனா தொற்றியதும் ஒரே அறையில் அடைத்து வைத்ததால்தானே!

இனி எழுதப்போவதை நோட்டீஸில் போடக்கூடாது என்று கமிட்டியில் சிலர் சண்டை போட்டார்கள். போடுகிறோம். போன நடவுக்கு நம்ம வயல்களில் இறங்கியவர்கள் யார்? மேற்கு வங்கத்திலிருந்து ரயிலேறி வந்தவர்கள். அவர்களை எங்கே தங்க வைத்தோம்? மோட்டார் கொட்டகையில், பூச்சிமருந்து டப்பாவுக்குப் பக்கத்தில். மருந்தடிக்கிறவனுக்கு மூக்கில் கட்டத் துணியாவது கொடுத்தோமா? கதிரடிக்கிற மெஷினில் விரல் போனவனுக்கு ஐந்நூறு ரூபாயைத் திணித்து ரயில் ஏற்றிவிட்டவர் நம்ம சங்கத்திலேயே இருக்கிறார். அந்தக் கம்பெனிக்காரனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? மெஷின் வைத்து விவசாயம் செய்கிற இடத்தில் வேலை பார்ப்பவனை 1923ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே நட்டஈட்டுப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். "சிறு விவசாயி எங்கிருந்து கொடுப்பான்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் வயலில் வேலை செய்கிற எல்லோருக்கும், எந்த மாநிலத்தான் ஆனாலும், அரசு பிரீமியம் கட்டி விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

மத்திய மாநில அரசுகளே!

வெளிநாட்டில் வேலையில் அடிபட்டவன் குடும்பத்துக்கு நட்டஈட்டு வழக்கு முடியும்வரை கூட்டுறவுக் கடன், நகைக் கடன் வசூலை நிறுத்து! பத்திரத்தைப் பிடித்து வைத்திருக்கிற தனியார் வட்டிக்காரன் மேல் 2003 கந்துவட்டித் தடைச் சட்டத்தைப் பாய்ச்சு! சிங்கப்பூர் போகிறவனுக்கும் அந்தப் பத்து லட்சம் காப்பீட்டைக் கொடு! கலெக்டர் ஆபீஸில் நட்டஈட்டு மனு எழுதித் தர ஓர் ஆளைப் போடு! தாலுகா ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவனுக்கு நடை பழக்க வசதி செய்!

இந்தக் கோரிக்கைகளோடு வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காரப் போகிறோம். அடிபட்டுத் திரும்பிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நடக்க முடியாதவர்களுக்குச் சங்கம் டிராக்டர் அனுப்பும், கிளைச் செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எம்.சி. சீட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு, சம்பளச் சீட்டு, வேலை அனுமதி அட்டை, கூட வேலை பார்த்தவர்கள் போன் நம்பர் எல்லாவற்றையும் இரண்டு காப்பி ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். விபத்து நடந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். பதினோரு மாதம் ஆனவர்கள் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், நாளைக் காலையிலேயே சங்க ஆபீசுக்கு வந்துவிடுங்கள்.