இங்கிலீஷ்லயும் ஒரு "ங்க" இருக்குங்க

ரொம்ப நாளா மனசுல ஓடிட்டிருக்கிற விஷயம். நம்ம ஹைஸ்கூல் பசங்களுக்கு 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'னா அடைமழைன்னு தெரியுது. 'வொயிட் எலிஃபண்ட்' தெரியுது, 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' தெரியுது. ஒரு மார்க் கேள்வியாச்சே, மனப்பாடம் பண்ணித்தானே ஆகணும். ஆனா எதிர்ல இருக்கிறவர் பேசினது புரியலைன்னா எப்படித் திருப்பிக் கேக்கிறதுன்னு தெரியலை.

போன வருஷம் ஆஃபீஸ்ல ஃப்ரெஷர் இன்டர்வ்யூ எடுக்க என்னையும் உக்கார வச்சாங்க. தமிழ் மீடியத்துல படிச்சு வந்த ஒரு பையன். லிங்க்டு லிஸ்ட்டைத் தலைகீழாத் திருப்பச் சொன்னேன், ரெண்டே நிமிஷத்துல போர்டுல எழுதிட்டான். அடுத்து பக்கத்துல இருந்தவர் எக்ஸ்பிரஸ் வேகத்துல ஒரு கேள்வி கேட்டார். பையனுக்குப் புரியலை. 'ஸாரி, குட் யூ ஸே தட் அகெய்ன்?' - இந்த ஒரு வரி போதும். அது அவன்கிட்ட இல்லை. தரையைப் பாத்துட்டு நின்னான். அதே கேள்வியை நான் தமிழ்ல கேட்டேன், டக்குனு பதில் வந்துச்சு. ஆனா ஷீட்ல 'கம்யூனிகேஷன் புவர்'னு விழுந்தாச்சு. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், எடுபடலை. பன்னெண்டு வருஷம் இங்கிலீஷ் படிச்ச புள்ளைங்க அவன்.

இதுல தமிழ்ப் பசங்களுக்குன்னு தனியா ஒரு சிக்கல் இருக்கு. நமக்கு மரியாதை வினைச்சொல்லோட வால்ல இருக்கு. 'குடு' வேற, 'குடுங்க' வேற. இங்கிலீஷ்ல நீ, நீங்க ரெண்டுமே 'யூ'தான். 'கிவ்'வுக்கு வாலும் கிடையாது. அந்த 'ங்க' அங்கே முன்னாடி வந்து உக்காந்துக்குது: 'குட் யூ', 'வுட் யூ மைண்ட்' இப்படி. இதைச் சொல்லித் தராம விட்டா, எல்லாரையும் வாங்க போங்கன்னு கூப்பிடற புள்ளை இங்கிலீஷ்ல 'செண்ட் மீ தி ஃபைல்'னு அதட்டுது. 'ப்ளீஸ்' ஒட்டினாலும் அது பாலீஷ் போட்ட கட்டளைதான். 'ஐ ஆம் அஃப்ரெய்ட்'ல பயம் எதுவும் இல்லை, "முடியாதுங்களே..."ன்னு இழுக்கிறோமே, அந்த இழுவை. 'ஹௌ ஆர் யூ'ன்னா நம்ம "சாப்டாச்சா?" மாதிரி. யாரும் மெனு கேக்கலை :-)

'ஐ ஹேவ் எ டவுட்'டும் இப்படித்தான். கிளாஸ்ல சந்தேகம் கேக்கிறது நல்ல பையனுக்கு அடையாளம். அமெரிக்க கிளையன்ட் காதுல அது "நீ சொல்றதுல நம்பிக்கையில்லை"ன்னு விழும். (நமக்குள்ள டவுட் தாராளமா இருக்கட்டும், அது நம்ம இங்கிலீஷ்.)

வார்த்தை வார்த்தையாப் பிச்சுக் குடுக்காம, கோத்த சரமாக் குடுங்கன்னு மைக்கேல் லூயிஸ் 1993-லயே 'தி லெக்ஸிகல் அப்ரோச்'னு ஒரு புத்தகம் எழுதினார். அவ்வளவு தூரம் ஏன் போகணும்? 'மே ஐ கம் இன் மிஸ்?' சொல்லத் தெரியாத பையனைக் காட்டுங்க பாப்போம். 'மே' என்ன வகை வினைன்னு அவனுக்குத் தெரியாது. தினமும் வாசல்ல நின்னு சொல்றான், வந்துடுச்சு.

"போர்ஷன் முடிக்கவே நேரமில்லை, இதுல இது வேறயா"ன்னு டீச்சர்ங்க கேப்பாங்க. நியாயந்தான். தனியா பீரியடே வேண்டாம். எட்டாவதுலேருந்து வாரத்துக்கு ரெண்டு தொடர். பெஞ்சுல பக்கத்துல இருக்கிறவன்கிட்ட சொல்லிப் பாக்கணும். புரியலைன்னா தலையைக் குனியக் கூடாது, 'ஸாரி மிஸ், ஐ டிட்ன்ட் காட்ச் தட்'னு சொன்னாத்தான் டீச்சர் திருப்பிச் சொல்லணும். கணக்கு வாத்தியார் கிளாஸ்லயும் இதே ரூல்.